பல ஆண்டுகளாகத் தாக்கல் செய்யாத வருமான வரிக் கணக்கைச் சரிசெய்வது எப்படி: முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி இந்தியாவில் வசிக்கும் மாதச் சம்பளக்காரர்கள், ஓய்வூதியர்கள், வங்கி வட்டியை நம்பி வாழ்பவர்கள், கணக்குத் தணிக்கை தேவைப்படாத சிறு தொழில் செய்வோர் ஆகியோருக்கானது. ஓராண்டோ பல ஆண்டுகளோ ஐடி ரிட்டர்ன் போடாமல் விட்டுவிட்டு, இப்போது எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களை மனத்தில் கொண்டு எழுதுகிறேன். முதலில் என் சொந்த நிலுவையை முடித்தேன். பிறகு உறவினர்கள், நண்பர்கள் பலருக்கு அருகில் உட்கார்ந்து முடித்துக் கொடுத்தேன். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறியது வரிக் கணக்கில் அன்று, வேலையைச் செய்யும் வரிசையில்தான்.

2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்திருந்தாலும், அதற்கு முந்தைய ஆண்டுகளின் நிலுவைக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். ஆகவே கீழே வரும் பிரிவு எண்கள் அனைத்தும் பழைய சட்டத்தினுடையவை.

1. ரிட்டர்ன் படிவத்தைத் திறப்பதற்கு முன் ஆண்டுகளைப் பட்டியலிடுங்கள்

நிதியாண்டு என்பது வருமானம் ஈட்டிய ஆண்டு. மதிப்பீட்டு ஆண்டு என்பது அதற்கு அடுத்த ஆண்டு. 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை வாங்கிய சம்பளம் 2022-23 நிதியாண்டைச் சேர்ந்தது. அதற்கான ரிட்டர்ன் 2023-24 மதிப்பீட்டு ஆண்டின் பெயரில் போகும். படிவமும் சலானும் நோட்டீஸும் பெரும்பாலும் மதிப்பீட்டு ஆண்டையே குறிப்பிடுகின்றன. வேலை கொடுத்த நிறுவனம் தரும் சம்பள, வரிச் சான்றான ஃபார்ம் 16-இல் இரண்டும் இருக்கும்.

ஒரு தாளில் விடுபட்ட ஒவ்வொரு ஆண்டையும் இரண்டு பெயர்களிலும் எழுதிக்கொள்ளுங்கள். அருகில் மூன்று இடங்களைக் காலியாக விடுங்கள்: அந்த ஆண்டில் வரி பாக்கி இருக்கிறதா அல்லது ரீஃபண்ட் வர வேண்டுமா, எந்த வழியில் தாக்கல் செய்ய முடியும், அந்த வழி என்று மூடப்படுகிறது. இந்தத் தாள் நிரம்பும் வரை எந்தப் படிவத்தையும் தொட வேண்டாம். வரி பாக்கியுள்ள ஆண்டும் ரீஃபண்ட் வர வேண்டிய ஆண்டும் வெவ்வேறு வழிகளில் போக வேண்டியவை. அதை அறியாமல் தொடங்குபவர்கள் பாதி நிரப்பிய படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள்.

சமீபத்திய ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போகலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும், ஏனெனில் ஆவணங்கள் கைக்கருகில் இருக்கின்றன. எந்த ஆண்டின் கெடு முதலில் முடிகிறதோ அந்த ஆண்டிலிருந்து தொடங்குவதே சரி. கெடு முடிந்தபின் அந்த ஆண்டை நாமாக முன்வந்து சரிசெய்யும் வாய்ப்பு கிடைக்காது.

2. நுழைவதற்குத் தேவையானவை

பான் எண் ஆதாருடன் இணைந்திருக்க வேண்டும். இணைக்கப்படாத பான் எண்கள் 2023 ஜூலை 1 முதல் செயலற்றவையாகிவிட்டன. செயலற்ற பானுக்கு ரீஃபண்ட் வழங்கப்படாது, டிடிஎஸும் (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடித்துக் கட்டும் வரி) கூடுதல் விகிதத்தில் பிடிக்கப்படலாம். தாமதமாக இணைப்பதற்குக் கட்டணம் 1,000 ரூபாய். கட்டணம் செலுத்திய அன்றே பான் செயல்படத் தொடங்கிவிடும் என்று எதிர்பார்க்காமல், இதை முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

அடுத்தது ஆதாரில் பதிவான கைபேசி எண். என் உறவினர் ஒருவர் டிசம்பர் 31 இரவு பதினொரு மணிக்கு எல்லாவற்றையும் நிரப்பி முடித்து, ஓடிபிக்காகக் காத்திருந்தார். வரவில்லை. ஆதாரில் இருந்தது அவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட சிம் கார்டின் எண். அன்றிரவு ரிட்டர்னைப் பதிவேற்ற மட்டுமே முடிந்தது. சரிபார்ப்பைப் பிற்பாடு செய்வதாகத் தேர்ந்தெடுத்து, ஆதார் சேவை மையத்துக்குப் போய் எண்ணை மாற்றி, ஜனவரி மூன்றாம் வாரத்தில்தான் முடித்தார். முப்பது நாள் அவகாசம் இருந்ததால் தப்பித்தார். அந்த அவகாசத்தைப் பற்றிக் கடைசிப் பகுதியில் சொல்கிறேன்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் வங்கிக் கணக்கு ஒன்றைச் சேர்த்து, அது சரிபார்க்கப்பட்டதாகக் காட்டுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். பெயரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருப்பதால் நம் ஊர்க்காரர்களுக்கு இது அடிக்கடி நிராகரிக்கப்படுகிறது. பான் அட்டையில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் பொருந்தவில்லையெனில், வங்கிக் கிளையில் கேஒய்சி திருத்தம் செய்துகொள்வதே நிலையான தீர்வு.

3. துறைக்கு ஏற்கனவே தெரிந்ததைப் படியுங்கள்

உங்கள் நினைவிலிருந்து வருமானத்தை எழுதத் தொடங்கும் முன், துறையிடம் உங்களைப் பற்றி என்ன பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபார்ம் 26ஏஎஸ்ஸில் உங்கள் பெயரில் பிடிக்கப்பட்ட டிடிஎஸ் இருக்கும். ஏஐஎஸ் எனப்படும் ஆண்டுத் தகவல் அறிக்கையில் சம்பளம், வங்கி வட்டி, டிவிடெண்ட், பங்கு மற்றும் மியூச்சுவல் ஃபண்டு விற்பனை, சொத்துப் பதிவு, பெருந்தொகை ரொக்க வரவு ஆகியவை இருக்கும். ஏஐஎஸ் 2020-21 நிதியாண்டிலிருந்து கிடைக்கிறது. விடுபட்ட ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டையும் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஐஎஸ்ஸை அப்படியே வருமானமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டை 3 லட்சம் ரூபாய்க்கு விற்றிருந்தால் அங்கே 3 லட்சம் என்றுதான் காட்டும். வாங்கிய விலையைக் கழித்த இலாபம் 20,000 ரூபாயாக இருக்கலாம். ஒரே வட்டி இரண்டு வரிகளில் இரட்டிப்பாகத் தெரிவதும் உண்டு. மறுபுறம், ஏஐஎஸ்ஸில் இல்லை என்பதற்காக வருமானமே இல்லை என்றும் ஆகாது. கூட்டுறவுச் சங்க வைப்பு, அஞ்சலகச் சேமிப்பு, கையில் வாங்கிய வீட்டு வாடகை ஆகியவற்றை வங்கிப் பாஸ்புத்தகத்தை வைத்து நீங்களே சேர்க்க வேண்டும். தவறான பதிவு இருந்தால் ஏஐஎஸ் பக்கத்திலேயே மறுப்புத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. ரிட்டர்ன் போடும் முன் அதைச் செய்துவிட்டால், பின்னால் வரும் கேள்விக்கு அதுவே பதிலாக நிற்கும்.

அதே அமர்வில் ‘பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ பகுதிக்குள் போய் ‘இ-புரொசீடிங்ஸ்’ பக்கத்தைத் திறந்து, நோட்டீஸ் ஏதும் காத்திருக்கிறதா என்று பாருங்கள். பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போன நோட்டீஸைப் பார்க்காமலேயே இருந்துவிட்டவர்கள் இதில் அதிகம். ஒரு ஆண்டுக்கு வரி மதிப்பீட்டு நடவடிக்கை தொடங்கியிருந்தால், அந்த ஆண்டின் வழி மாறிவிடும்.

4. தாக்கல் செய்யும் கடமை இருந்ததா என்று முடிவு செய்யுங்கள்

அச்சத்தில் தேவையில்லாத ஆண்டுகளுக்கும் ரிட்டர்ன் போட முயல்பவர்கள் உண்டு. வருமானம் அடிப்படை விலக்கு வரம்புக்குக் கீழே இருந்து, வேறு கட்டாயம் எதுவும் இல்லாமல், ரீஃபண்டும் வர வேண்டியதில்லை என்றால், அந்த ஆண்டைத் தாளிலிருந்து அடித்துவிடலாம்.

வரம்பைப் பார்க்கும்போது 80சி போன்ற கழிவுகளுக்கு முந்தைய தொகையைப் பார்க்க வேண்டும் என்பதுதான் பலர் தவறவிடும் இடம். இத்தகைய கழிவுகளை அனுமதிக்கும் பழைய வரி முறையில் அறுபது வயதுக்குக் கீழானவருக்கு வரம்பு 2.5 லட்சம். 4 லட்சம் சம்பளம் வாங்கி, 1.5 லட்சத்தை பிஎஃப்பிலும் எல்ஐசியிலும் போட்டவருக்கு வரி வராது. ஆனால் ரிட்டர்ன் போடும் கடமை இருந்தது.

வருமானம் எவ்வளவாக இருந்தாலும் சில நிலைகளில் தாக்கல் கட்டாயம். ஆண்டில் வெளிநாட்டுப் பயணச் செலவு 2 லட்சத்தைத் தாண்டியிருந்தால், மின்கட்டணம் 1 லட்சத்தைத் தாண்டியிருந்தால், பிடிக்கப்பட்ட டிடிஎஸ், டிசிஎஸ் (விற்பவர் வசூலித்துக் கட்டும் வரி) சேர்ந்து 25,000 ரூபாயை (மூத்த குடிமக்களுக்கு 50,000) எட்டியிருந்தால், சேமிப்புக் கணக்குகளில் ஆண்டு வரவு 50 லட்சத்தை எட்டியிருந்தால் தாக்கல் செய்தே ஆக வேண்டும். வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ திரும்பி வந்து இங்கே சாதாரண வசிப்பாளர் நிலையை அடைந்தவர்கள், அங்கே வங்கிக் கணக்கோ பங்கோ வைத்திருந்தால், அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்.

5. ஒவ்வோர் ஆண்டுக்கும் எந்த வழி திறந்திருக்கிறது

முதல் வழி, தாமத ரிட்டர்ன். பிரிவு 139(4)-இன் கீழ், மதிப்பீட்டு ஆண்டின் டிசம்பர் 31 வரை இதைப் போடலாம். வரி பாக்கி இருந்தாலும் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தாலும் இது பொருந்தும். தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். மொத்த வருமானம் 5 லட்சத்துக்குள் இருந்தால் 1,000 ரூபாய். மூன்றில் இதுவே மிகவும் மலிவானது என்பதால், டிசம்பர் இன்னும் முடியாத ஆண்டு உங்கள் தாளில் இருந்தால் மற்றவற்றுக்கு முன் அதைப் பாருங்கள்.

இரண்டாவது, புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன்; ஐடிஆர்-யூ என்பார்கள். பிரிவு 139(8ஏ) 2022-இல் கொண்டுவரப்பட்டபோது இதற்கு 24 மாத அவகாசம் இருந்தது. 2025 ஏப்ரல் முதல் அது மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து 48 மாதங்களாக நீட்டிக்கப்பட்டது. வரியும் வட்டியும் சேர்ந்த தொகையின் மேல் கூடுதல் வரி ஒன்று விழும்: முதல் 12 மாதங்களுக்குள் 25 விழுக்காடு, 24-க்குள் 50, 36-க்குள் 60, 48-க்குள் 70. இதன்படி 2022-23 மதிப்பீட்டு ஆண்டின் வழி 2027 மார்ச் 31 அன்று மூடப்படும். 2023-24-க்கு 2028 மார்ச் 31.

இந்த வழியில் ரீஃபண்ட் கேட்க முடியாது, நஷ்டத்தைக் காட்ட முடியாது, ஓர் ஆண்டுக்கு ஒரு முறைதான் போட முடியும். அந்த ஆண்டுக்கு மதிப்பீட்டு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ முடிந்திருந்தாலோ பொதுவாக இது கிடைக்காது. ஒரு முறைதான் என்பதால், மறந்துபோன எஃப்டி வட்டி பிறகு நினைவுக்கு வந்தால் திருத்த இடமில்லை. மூன்றாம் பகுதியில் சொன்ன படிப்பை அவசரமாக முடிக்க வேண்டாம் என்பதற்குக் காரணம் இதுதான்.

மூன்றாவது, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு, பிரிவு 119(2)(பி). டிசம்பர் கெடுவும் போய், ரீஃபண்டும் வர வேண்டியிருந்தால் இதுவே வழி. இதைத் தனியாகப் பத்தாம் பகுதியில் விளக்குகிறேன்.

6. தாமதமானால் பழைய வரி முறை கைவிட்டுப் போகும்

2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து புதிய வரி முறையே இயல்பான முறை. பழைய முறை வேண்டுமென்றால் அதை உரிய கெடுவுக்குள் (டிசம்பர் 31 அன்று, அதற்கு முன்பே வரும் அசல் கெடு; பெரும்பாலும் ஜூலை 31) போடும் ரிட்டர்னில்தான் தேர்ந்தெடுக்க முடியும். தொழில் வருமானம் உள்ளவர்கள் அந்தக் கெடுவுக்குள் 10-ஐஇஏ படிவமும் கொடுத்திருக்க வேண்டும். ஆகவே தாமத ரிட்டர்னிலும் ஐடிஆர்-யூவிலும் முதன்முறையாகத் தாக்கல் செய்பவருக்கு வீட்டு வாடகைப் படிக்கான விலக்கு, 80சி, மருத்துவக் காப்பீட்டுக் கழிவு, சொந்தக் குடியிருப்புக்கான வீட்டுக் கடன் வட்டி ஆகிய எதுவும் கிடைக்காது.

மதுரையில் கடனில் வீடு கட்டி, சென்னையில் வாடகைக்கு இருக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். 2024-25 நிதியாண்டில் சம்பளம் 11 லட்சம். பழைய முறையில் நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 50,000, வாடகைப்படி விலக்கு 1,50,000, கடன் வட்டி 2,00,000, 80சி 1,50,000, மருத்துவக் காப்பீடு 25,000 போக 5,25,000 ரூபாய்க்கு வரி 18,200. அலுவலகமும் அதையே பிடித்துக் கட்டிவிட்டது. எல்லாம் கட்டியாகிவிட்டதே என்று அவர் கெடுவைத் தவறவிட்டு டிசம்பரில் தாக்கல் செய்தால், புதிய முறையில் 75,000 நிலைக் கழிவு மட்டும் போக 10,25,000 ரூபாய்க்கு வரி 55,900 ஆகிறது. திடீரென முளைத்த 37,700 ரூபாய் பாக்கிக்கு வட்டியும், 5,000 தாமதக் கட்டணமும் தனி. “டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள், ரிட்டர்ன் மெதுவாகப் போடலாம்” என்ற நினைப்பு இவ்வளவு விலை கேட்கும்.

2023-24 மதிப்பீட்டு ஆண்டுக்கும் அதற்கு முந்தையவற்றுக்கும் நிலைமை நேர் எதிரானது. அப்போது பழைய முறையே இயல்பு என்பதால், இப்போது தாக்கல் செய்தாலும் 80சி முதலிய கழிவுகள் கிடைக்கும். ஆவணங்களை மட்டும் தேடி எடுக்க வேண்டும்.

கெடு தவறினால் பங்குச் சந்தை நஷ்டத்தையும் தொழில் நஷ்டத்தையும் அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல முடியாது என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள்.

7. தொகையைக் கையால் ஒரு முறை கணக்கிடுங்கள்

மென்பொருள் தானாகவே கணக்கிடும் என்றாலும், எதனால் எவ்வளவு ஏறுகிறது என்று தெரிந்தால்தான் அது சொல்வதைச் சரிபார்க்க முடியும். வட்டி மூன்று வகை. பிரிவு 234ஏ, கெடுவுக்கு மறுநாளிலிருந்து மாதம் 1 விழுக்காடு. 234பி, முன்வரி (நிதியாண்டு முடிவதற்குள் தவணைகளாகக் கட்ட வேண்டிய வரி) போதிய அளவு கட்டாததற்காக மதிப்பீட்டு ஆண்டின் ஏப்ரலிலிருந்து மாதம் 1 விழுக்காடு. 234சி, முன்வரித் தவணைகள் தவறியதற்காக. டிடிஎஸ் போகப் பாக்கி 10,000 ரூபாயை எட்டினால்தான் பின்னவை இரண்டும் வரும்; தொழில் வருமானம் இல்லாத மூத்த குடிமக்களுக்கு இவை இல்லை. மாதத்தில் ஒரு நாள் தொட்டாலும் முழு மாத வட்டி.

நண்பர் ஒருவருக்கு 2023-24 மதிப்பீட்டு ஆண்டில் நேர்ந்தது இது. ஆண்டின் நடுவில் வேலை மாறினார். பழைய நிறுவனத்தின் சம்பள விவரத்தைப் புதிய நிறுவனத்திடம் கொடுக்கவில்லை. இரண்டு நிறுவனங்களுமே அடிப்படை விலக்கையும் 80சி கழிவையும் தனித்தனியாகக் கொடுத்துவிட்டன. இரண்டு ஃபார்ம் 16-களையும் சேர்த்தபோது 40,000 ரூபாய் பாக்கி. 2026 மார்ச் 20 அன்று ஐடிஆர்-யூ போட்டோம்.

234ஏ, 2023 ஆகஸ்டு முதல் 32 மாதங்கள்: 12,800. 234பி, 2023 ஏப்ரல் முதல் 36 மாதங்கள்: 14,400. 234சி: 2,020. மொத்த வட்டி 29,220. வரியும் வட்டியும் சேர்ந்து 69,220. அதில் 50 விழுக்காடு கூடுதல் வரி 34,610. தாமதக் கட்டணம் 5,000-த்தைக் கூடுதல் வரிக்கான அடித்தொகையில் சேர்ப்பதில்லை. ஆக மொத்தம் 1,08,830 ரூபாய்.

இதையே பன்னிரண்டு நாள் தள்ளி ஏப்ரல் 1 அன்று போட்டிருந்தால், இரண்டு வட்டிகளும் ஒரு மாதம் ஏறி, கூடுதல் வரியும் 60 விழுக்காட்டுக்குத் தாவி, 1,17,032 ஆகியிருக்கும். 2023 டிசம்பரிலேயே தாமத ரிட்டர்னாகப் போட்டிருந்தால் 52,620 ரூபாயில் முடிந்திருக்கும். நண்பர் அந்தக் கடைசி எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, காபி குடிக்கப் போய்விட்டார்.

மாதக் கடைசியில் தொகையைக் கணக்கிட்டு, அடுத்த மாதம் முதல் தேதியில் பணம் கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. ஒரு மாத வட்டி குறைவதால் ரிட்டர்னில் சிறு பாக்கி நிற்கும்.

8. முதலில் பணம், பிறகு ரிட்டர்ன்

இணையதளத்தின் ‘இ-பே டாக்ஸ்’ பகுதியில் பணம் கட்ட வேண்டும். தனிநபருக்கு முதன்மைத் தலைப்பு 0021. சுயமதிப்பீட்டு வரிக்கான துணைத் தலைப்பு 300. கட்டிய பின் கிடைக்கும் சலானில் வங்கியின் பிஎஸ்ஆர் குறியீடு, தேதி, சலான் எண், தொகை ஆகிய நான்கும் இருக்கும். ரிட்டர்னில் இவற்றைத்தான் நிரப்ப வேண்டும். ஐடிஆர்-யூவுக்குக் கூடுதல் வரி உட்பட முழுத் தொகையையும் கட்டிய பிறகே தாக்கல் செய்ய முடியும். கட்டாமல் போட்டால் அது குறையுள்ள ரிட்டர்னாகிவிடும்.

இங்கே எல்லோரும் விழும் குழி மதிப்பீட்டு ஆண்டு. 2022-23 நிதியாண்டின் பாக்கிக்கு 2022-23 என்றே தேர்ந்தெடுத்துவிடுகிறார்கள். பணம் அரசிடம் போய்விடும், ஆனால் வேறோர் ஆண்டின் கணக்கில் உட்கார்ந்திருக்கும். உடனே கவனித்தால் இணையதளத்திலேயே சலான் திருத்தக் கோரிக்கை கொடுக்கலாம். அந்த அவகாசம் மிகக் குறுகியது. அது போய்விட்டால் உங்கள் பகுதி மதிப்பீட்டு அதிகாரிக்கு மனு எழுத வேண்டியிருக்கும். உங்கள் அதிகாரி யார் என்பதைப் பான் எண்ணை வைத்து இணையதளத்திலேயே பார்க்கலாம். பானில் பழைய ஊர் முகவரி இருந்தால் அதிகாரியும் பழைய ஊரிலேயே இருப்பார்.

9. படிவத்தைத் தேர்ந்து நிரப்புதல்

சம்பளம், ஓய்வூதியம், வீடு, வட்டி ஆகியவை மட்டும் இருந்து, வருமானம் 50 லட்சத்துக்குள் இருந்தால் ஐடிஆர்-1. பங்கு அல்லது சொத்து விற்பனை இலாபமோ, வெளிநாட்டுச் சொத்தோ இருந்தால் பெரும்பாலும் ஐடிஆர்-2. தொழில் வருமானத்தை அனுமான அடிப்படையில் (வரவில் குறிப்பிட்ட விழுக்காட்டையே இலாபமாகக் கொண்டு) காட்டுபவர்களுக்கு ஐடிஆர்-4; பங்குச் சந்தையில் எஃப் அண்டு ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வணிகம் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் ஐடிஆர்-3. படிவம் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால், அந்தந்த மதிப்பீட்டு ஆண்டுக்குரிய படிவத்தையே எடுக்க வேண்டும்.

எந்தப் பிரிவின் கீழ் தாக்கல் செய்கிறீர்கள் என்ற கேள்விக்குத் தாமத ரிட்டர்னில் 139(4) என்றும், புதுப்பிக்கப்பட்டதில் 139(8ஏ) என்றும் தேர்ந்தெடுங்கள். பின்னதில், இதற்கு முன் இந்த ஆண்டுக்கு ரிட்டர்ன் போட்டீர்களா, புதுப்பிப்பதற்குக் காரணம் என்ன, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து எத்தனை மாதமாகிறது என்று கேட்கும். போடாதவர் ‘ரிட்டர்ன் முன்பு தாக்கல் செய்யப்படவில்லை’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நண்பருடையதை நாங்கள் எக்செல் கருவியில் நிரப்பி, ஜேசன் கோப்பாக மாற்றிப் பதிவேற்றினோம். ஐடிஆர்-யூவுக்காக 140பி பிரிவின்படி கட்டிய சலானை அதற்குரிய பகுதியில் மட்டும் எழுதுங்கள். வழக்கமான வரி செலுத்திய அட்டவணையிலும் எழுதினால் ஒரே பணம் இரு முறை கழிக்கப்பட்டுக் கணக்கு குழம்பும்.

ஒரு எச்சரிக்கை. “நான் போட்டுத் தருகிறேன், ரீஃபண்டும் வாங்கித் தருகிறேன்” என்று சொல்லி, இல்லாத நன்கொடையையும் இல்லாத வாடகையையும் எழுதும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். பொய்த் தகவலால் குறைத்துக் காட்டிய வருமானத்தின் வரிக்கு 200 விழுக்காடு வரை அபராதம் உண்டு. அது விழுவது உங்கள் பானின் மேல். சம்பளமும் வட்டியும் மட்டும் உள்ளவர் இந்த வேலையைத் தானே செய்துகொள்ளலாம் என்பது என் கருத்து. சொத்து விற்பனை, வெளிநாட்டுச் சொத்து, எஃப் அண்டு ஓ, வந்துவிட்ட நோட்டீஸ் ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் ஆடிட்டருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது.

10. கெடு போன பின் ரீஃபண்ட் வர வேண்டிய ஆண்டுகள்

மொழிபெயர்ப்பாளர், வடிவமைப்பாளர், பகுதிநேர ஆசிரியர் போன்றோருக்குப் பெரும்பாலும் கட்டணத்தில் 10 விழுக்காடு டிடிஎஸ் பிடித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் அது முழுவதும் திரும்பி வர வேண்டிய பணம். டிசம்பர் 31 போய்விட்டால் அதைக் கேட்கும் ஒரே வழி 119(2)(பி) மனு.

மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் 2024 அக்டோபர் 1 தேதியிட்ட 11/2024 சுற்றறிக்கையின்படி, மதிப்பீட்டு ஆண்டு முடிந்ததிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முன்பு இது ஆறு ஆண்டுகளாக இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு ஆறு என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 1 கோடி ரூபாய் வரையிலான கோரிக்கைகளை முதன்மை ஆணையரோ ஆணையரோ முடிவு செய்வார். மனு வந்த மாத இறுதியிலிருந்து, இயன்ற வரை ஆறு மாதங்களுக்குள் முடிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. இவ்வாறு கிடைக்கும் ரீஃபண்டுக்கு வட்டி கிடையாது.

மனுவில் சொல்ல வேண்டியது இரண்டு: தாமதத்துக்கு நேர்மையான காரணம், பணம் கிடைக்காவிட்டால் ஏற்படும் உண்மையான இடர்ப்பாடு. “எனக்கு விதிமுறை தெரியாது” என்ற ஒரு வரி பெரும்பாலும் நிற்பதில்லை. மருத்துவமனையில் இருந்த நாள்களின் டிஸ்சார்ஜ் சம்மரி, குடும்பத்தில் நேர்ந்த இறப்பின் சான்று, டிடிஎஸ் பிடித்தவர் தாமதமாகப் பதிவேற்றியதைக் காட்டும் 26ஏஎஸ் ஆகியவை நிற்கும். தேதிகளை வரிசையாக எழுதி, கெடு நாளையும் அந்த வரிசைக்குள் வைத்துக் காட்டுங்கள். தாமதம் எந்த நாளிலிருந்து எந்த நாள் வரை, எதனால் என்று படிப்பவருக்கு ஒரே பார்வையில் தெரிய வேண்டும். வருமானக் கணக்கீடு, 26ஏஎஸ், வங்கி அறிக்கை ஆகியவற்றை இணையுங்கள்.

இணையதளத்தின் ‘சர்வீசஸ்’ பட்டியலில் ‘காண்டோனேஷன் ரிக்வெஸ்ட்’ என்ற பகுதி இருக்கிறது. ஒப்புதல் ஆணை கிடைத்த பிறகுதான் ரிட்டர்ன் போட முடியும். மனுவே ரிட்டர்ன் ஆகாது. ஆணை வந்தபின் ரிட்டர்ன் போட மறந்துவிட்டு ரீஃபண்டுக்காகக் காத்திருந்தவரையும் பார்த்திருக்கிறேன்.

11. நோட்டீஸ் வந்திருந்தால்

ரிட்டர்ன் போடும்படி 142(1) நோட்டீஸ் வந்திருந்தால், அதில் குறிப்பிட்ட நாளுக்குள் இ-புரொசீடிங்ஸ் வழியாகவே பதில் சொல்லுங்கள். உண்மையான நோட்டீஸில் டின் எனப்படும் ஆவண எண் இருக்கும். இணையதளத்தில் உள்நுழையாமலேயே அதைச் சரிபார்க்கலாம். குறுஞ்செய்தியில் வரும் இணைப்பைத் தொட்டுப் பணம் கட்டாதீர்கள்.

வழக்கு பற்றிய அச்சமும் பலருக்கு இருக்கிறது. வேண்டுமென்றே ரிட்டர்ன் போடாமல் இருப்பது 276சிசி பிரிவின்கீழ் குற்றம். ஆனால் மதிப்பீட்டு ஆண்டு முடிவதற்குள் ரிட்டர்ன் போட்டிருந்தாலோ, உரிய காலத்துக்குள் ஐடிஆர்-யூ போட்டிருந்தாலோ, முன்வரியும் டிடிஎஸும் போகப் பாக்கி 10,000 ரூபாயைத் தாண்டாதிருந்தாலோ சாதாரணத் தாமதத்துக்காக இந்தப் பிரிவு பாயாது.

12. சரிபார்ப்பும் அதற்குப் பின்னும்

பதிவேற்றிய நாளிலிருந்து முப்பது நாள்களுக்குள் ஆதார் ஓடிபி, நெட் பேங்கிங் அல்லது வங்கிக் கணக்குக் குறியீடு வழியாகச் சரிபார்க்க வேண்டும். இயலாதவர்கள் கையெழுத்திட்ட ஐடிஆர்-வி தாளை பெங்களூரு மையத்துக்கு விரைவு அஞ்சலில் அனுப்பலாம், அதுவும் அந்த முப்பது நாள்களுக்குள் போய்ச் சேர வேண்டும். முப்பது நாள்களுக்குள் முடித்தால் பதிவேற்றிய நாளே தாக்கல் நாள். அதைத் தாண்டினால் சரிபார்த்த நாள்தான் தாக்கல் நாள். டிசம்பர் 31 அன்று பதிவேற்றி பிப்ரவரியில் சரிபார்த்தால், கெடுவுக்குப் பின் வந்த ரிட்டர்னாகவே அது கருதப்படும்.

சில வாரங்களிலோ மாதங்களிலோ 143(1) பிரிவின் அறிவிப்பு மின்னஞ்சலில் வரும். அதில் நீங்கள் எழுதியதும் துறை கணக்கிட்டதும் அருகருகே இரண்டு நெடுவரிசைகளாக இருக்கும். இரண்டையும் வரி வரியாக ஒப்பிடுங்கள். வேறுபாடு பெரும்பாலும் டிடிஎஸ் வரியிலோ வட்டி வரியிலோதான் இருக்கும். துறையின் பக்கம் பிழையெனில் 154 பிரிவின் திருத்தக் கோரிக்கை போடலாம். பாக்கி சரியானதெனில் முப்பது நாள்களுக்குள் கட்டிவிடுங்கள். அதன் பிறகு மாதம் 1 விழுக்காடு வட்டி மீண்டும் ஓடத் தொடங்கும், வேறோர் ஆண்டில் உங்களுக்கு வர வேண்டிய ரீஃபண்டிலும் அந்தத் தொகை கழிக்கப்படும்.